சின்ன பைக்குகளுக்கு எண்டூரன்ஸ் ரேஸ் நடத்தப் போகிறீர்களா? முதல் முறைக்கான வழிகாட்டி

ரேஸ் ஓட்டப் போகிறவருக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நடத்தப் போகிறவருக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. யாரிடம் எந்தத் தாளை முதலில் கேட்பது, எந்தச் செலவு கடைசி வாரத்தில் முளைக்கும், எந்த வேலையைத் தள்ளிப்போட்டால் எல்லாம் கெடும் என்பதெல்லாம் அலைந்துதான் தெரிகிறது. அந்த அலைச்சலை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இது.

50 சிசி மொபெட்டிலிருந்து 125, 150 சிசி வரையிலான சின்ன பைக்குகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஓர் அணிக்கு ஒரு பைக், மூன்று முதல் ஆறு ஓட்டுநர்கள். குறித்த நேரத்துக்குள் அதிக லேப் (சுற்று) முடிக்கும் அணி வெற்றி பெறும். மூடிய டிராக்கில் மட்டும்தான். பொதுச் சாலையில் நடத்தும் யோசனை இருந்தால் இதை இங்கேயே மூடிவிடலாம்.

1. அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் ரேஸுக்கு நான் சொல்வது: நான்கு மணி நேரம், பகல் வெளிச்சம், ஒரே பிரிவு, அதிகபட்சம் 20 அணிகள். 24 மணி நேரம் என்று போஸ்டரில் போட ஆசையாக இருக்கும். இரவு என்றால் விளக்கு, இரண்டு ஷிப்ட் மார்ஷல்கள் (டிராக் ஓரம் கொடியோடு நிற்பவர்கள்), இரண்டு ஷிப்ட் மருத்துவக் குழு. செலவு கூடுவதைவிட ஆள் சோர்வுதான் பெரிய ஆபத்து.

20 என்பது குத்துமதிப்பான எண் இல்லை. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கோ-கார்ட் டிராக்கில் 20 பைக் ஓடினால் சராசரியாக 50 மீட்டருக்கு ஒன்று. 30 ஆக்கினால் 33 மீட்டர். ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர் விலகக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். அதிலும் வேகம் வேறுபட்டால் நிலைமை மோசம். 50 சிசியையும் 150 சிசியையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். ஆபத்து வேகத்தில் இருப்பதைவிட வேக வித்தியாசத்தில்தான் அதிகம்.

2. இடம் பிடிப்பது (எட்டு, ஒன்பது மாதம் முன்பு)

சின்ன பைக்குக்குக் கோ-கார்ட் டிராக் நன்றாகப் பொருந்தும். பெரிய சர்க்யூட்டின் வாடகைக்கு ஈடு கட்டவே முடியாது. சின்ன பைக் அங்கே நேர்ப்பாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

டிராக் மேலாளரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். இங்கே இருசக்கர வாகனம் ஓட்ட அனுமதி உண்டா, அது எழுத்தில் இருக்கிறதா? சத்தத்துக்கு வரம்பு உண்டா, எத்தனை மணி வரை? முந்தைய நாள் மாலை உள்ளே வந்து வேலை செய்யலாமா, அதற்குத் தனிக் கட்டணமா? ஆம்புலன்ஸ் டிராக்கைக் குறுக்கே கடக்காமல் வெளியே போக வழி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், ஆம்புலன்ஸ் வெளியேறும் ஒவ்வொரு முறையும் ரேஸை நிறுத்த வேண்டிவரும்.

அப்புறம், டிராக்கை ஒருமுறை நடந்து சுற்றுங்கள். பைக்கில் வேண்டாம், நடந்தே போங்கள். ஒவ்வொரு வளைவின் நடுவிலும் நின்று, டயர் அங்கே பிடி விட்டால் ஆள் எந்தத் திசையில் சறுக்குவார் என்று பாருங்கள். அந்தக் கோட்டின் முடிவில் இருப்பது புல்லா, கம்பியா, டயர்ச் சுவரா? கார்ட் டிராக்கின் டயர்ச் சுவர் கார்ட்டுக்காகக் கட்டியது. கார்ட் முட்டினால் முன்பக்க பம்பர் தாங்கும். பைக்கில் வருபவருக்குத் தோள்தான் பம்பர். அப்படிப்பட்ட இடங்களில் காற்றடைத்த தடுப்போ தடித்த ஃபோம் தடுப்போ வைக்க வேண்டும். வைக்கோல் கட்டு மலிவுதான். ஆனால் மழையில் ஊறினால் பாறையாகும், காய்ந்தால் எரியும். வேறு வழியில்லாத போது மட்டும் யோசியுங்கள். தடுப்பு போட இடமே இல்லாத வளைவு என்றால், கூம்புகள் வைத்து அதற்கு முன்பே ஒரு குறுகிய வளைவை உருவாக்கி வேகத்தைக் குறையுங்கள்.

3. அனுமதியும் தாள்களும் (ஆறு மாதம் முன்பு)

மோட்டார்சைக்கிள் விளையாட்டுக்கு உலக அளவில் எஃப்.ஐ.எம். என்ற அமைப்பு உண்டு. அதில் உறுப்பினராக உள்ள தேசியக் கூட்டமைப்புகள்தாம் பெரும்பாலும் ரேஸுக்கு பர்மிட் தருகின்றன. உங்கள் நாட்டுக் கூட்டமைப்பிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பதிவு பெற்ற கிளப் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டுமா, எந்தெந்த அதிகாரிகள் உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும், ஓட்டுநர்களுக்கு ஒரு நாள் லைசென்ஸ் உண்டா. அமெச்சூர் ரேஸுக்கு இந்த ஒரு நாள் லைசென்ஸ் பெரிய வசதி. அது இல்லையென்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பொதுவாகத் தேவைப்படும் தாள்கள்:

- டிராக் நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம், தேதியும் நேரமும் குறிப்பிட்டு
- இந்த ரேஸுக்கான துணை விதிமுறைகள்
- மார்ஷல் நிற்கும் இடங்கள், ஆம்புலன்ஸ், தீயணைப்பான், வெளியேறும் வழி எல்லாம் குறித்த டிராக் வரைபடம்
- மருத்துவத் திட்டம்: யார், எத்தனை வண்டி, எந்த மருத்துவமனை
- இன்சூரன்ஸ் சான்று
- உள்ளாட்சி, காவல், தீயணைப்புத் துறைகளுக்குத் தகவல் கொடுத்ததற்கான அல்லது அனுமதி பெற்றதற்கான நகல்

பார்க்க எளிதாக இருக்கும். சிக்கல் வரிசையில்தான். பர்மிட்டைக் காட்டினால்தான் இன்சூரன்ஸ் என்பார்கள். இன்சூரன்ஸ் சான்று இருந்தால்தான் பர்மிட் என்பார்கள். இரண்டும் இருந்தால்தான் தேதியை உறுதி செய்வேன் என்பார் டிராக்காரர். மூன்று பேரும் தங்கள் பக்கம் நியாயம் பேசுவார்கள், நீங்கள் நடுவில் பந்தாக உருள்வீர்கள். முடிச்சை டிராக்கிலிருந்து அவிழ்க்க வேண்டும். முன்பணம் கட்டி, “பர்மிட் கிடைத்தால் இந்தத் தேதி உறுதி” என்று நிபந்தனைக் கடிதம் வாங்குங்கள். அதை வைத்து இன்சூரன்ஸ் தரப்பில் கொட்டேஷன் வாங்குங்கள், பாலிசி வேண்டாம். கடிதத்தையும் கொட்டேஷனையும் சேர்த்து பர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். பர்மிட் வந்த அன்றே பாலிசிக்குப் பணம் கட்டுங்கள். ஒவ்வொரு தாளிலும் ரேஸின் பெயரும் நடத்துபவரின் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு தாளில் கிளப் பெயர், இன்னொன்றில் உங்கள் சொந்தப் பெயர் என்று இருந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

4. இன்சூரன்ஸ்: விலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள்

சாலையில் ஓட்டுவதற்கான சாதாரண வாகனப் பாலிசி பொதுவாக ரேஸில் செல்லாது. உங்களுக்கு வேண்டியவை இரண்டு: மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயம், சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு; ஓட்டுநர், மார்ஷல், தன்னார்வலர்களுக்கான விபத்துக் காப்பீடு. சில கூட்டமைப்புகளில் பர்மிட் கட்டணத்திலேயே ஒரு பகுதி அடங்கிவிடும். எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் வாங்குங்கள்.

“நிகழ்ச்சிக் காப்பீடு” என்ற பெயரில் ஓர் ஏஜென்ட் எனக்குக் காட்டிய பாலிசியில் எல்லாமே அழகாக இருந்தது. விலக்குப் பட்டியலில் மட்டும் இயந்திர வாகனப் போட்டி என்று ஒரு வரி. ரேஸுக்கான பாலிசியில் ரேஸ் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்பீடு! அதனால் விலக்குப் பக்கத்தை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பயிற்சி நேரம், முந்தைய நாள் அமைப்பு வேலை, மறுநாள் பிரிக்கும் வேலை, பிட்டில் (அணிகள் பைக்கைப் பழுது பார்க்கும் இடத்தில்) தீ ஆகியவை உள்ளே வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

ஓட்டுநரிடம் பொறுப்புத் துறப்புக் கையெழுத்து வாங்குவது அவசியம்தான். அது இன்சூரன்ஸுக்கு மாற்று ஆகாது. உங்கள் அலட்சியத்தால் நேர்ந்த விபத்தை அந்தத் தாள் மறைக்கும் என்று நம்ப வேண்டாம். வயது வராதவர்களை முதல் ரேஸில் சேர்க்காமல் இருப்பதே நல்லது; சேர்த்தால் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

5. பணக் கணக்கு

செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஓர் அணி வந்தாலும் இருபது வந்தாலும் மாறாதவை: டிராக் வாடகை, ஆம்புலன்ஸ், பர்மிட், இன்சூரன்ஸ், டைமிங் கருவி, ஜெனரேட்டர், கழிவறை. அணிக்கு அணி கூடுபவை: எண் ஸ்டிக்கர், கைப்பட்டை, சாப்பாடு, டிரான்ஸ்பாண்டர் (லேப் எண்ண பைக்கில் பொருத்தும் சின்னக் கருவி) வாடகை. முதல் வகைதான் பெரும் பகுதி.

20 அணிகளுக்கு இடம் இருந்தால் 12 அணிகளை வைத்துக் கட்டணம் போடுங்கள். மாறாத செலவு மொத்தத்தை 12 ஆல் வகுத்து, ஓர் அணிக்கான தனிச் செலவைக் கூட்டி, அதன் மேல் 15 சதவீதம் சேர்த்தால் நுழைவுக் கட்டணம். 12 அணி வந்தாலே அந்த 15 சதவீதம் கையில் மிஞ்சும், 13ஆவது அணியிலிருந்து இன்னும் கூடும். ஸ்பான்சர் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் அதை மார்ஷல்களுக்குச் செலவழியுங்கள்.

“நாங்க வர்றோம், சீட்டு பிடிச்சு வைங்க” என்று சொல்லும் அணி அணியே இல்லை. முழுப் பணம் கட்டிய அணி மட்டுமே அணி. எந்தத் தேதி வரை விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பதிவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள். நீங்களே ரத்து செய்ய வேண்டி வந்தால் டிராக்கும் ஆம்புலன்ஸும் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்த பிறகே அந்தத் தேதியை முடிவு செய்யுங்கள்.

மறந்துபோகும் செலவு: கூடுதல் நேரம். சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியதால் ரேஸ் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் டிராக், ஆம்புலன்ஸ், டைமிங் மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரக் கட்டணம் ஏறும். ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் கூட்டி ஒப்பந்தம் போடுவது மலிவு.

6. விதிமுறைகள் எழுதுவது (நான்கு மாதம் முன்பு)

பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். சண்டை வரக்கூடிய இடங்களை மட்டும் தெளிவாக எழுதினால் போதும். எந்த பைக்கில் எந்த மாற்றம் செல்லும்? டயர் எந்த வகை? ஒருவர் தொடர்ந்து அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓட்டலாம்? 45 நிமிடம் என்று வைத்தால் சோர்வும் குறையும், பெட்ரோல் கணக்கும் ஒத்துவரும். மொத்தம் எத்தனை முறை பிட்டுக்கு வந்தே ஆக வேண்டும்? பிட் பாதையில் முதல் கியர் மட்டும், முந்தக் கூடாது.

விழுந்த பைக்கைச் சரி செய்து மறுபடி ஓட்டலாமா? எண்டூரன்ஸ் என்றால் ஓட்டத்தான் வேண்டும், அதுதான் இதன் சுவையே. ஆனால் மறுபடி உள்ளே போகும் முன் ஸ்க்ரூட்டினியில் (பைக்கையும் பாதுகாப்பு உடையையும் சோதிக்கும் இடத்தில்) காட்டியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். சிவப்புக் கொடி காட்டினால் கடிகாரம் ஓடுமா, நிற்குமா? இதை எழுதாமல் விட்டால் அன்று பிட்டில் இருபது விதமான சட்டம் பேசுவார்கள். எளிய வழி: கடிகாரம் ஓடட்டும், அதற்கு முன் முடித்த லேப்கள் கணக்கில் இருக்கட்டும்.

ஓட்டுநர் ஓடி வந்து பைக்கில் ஏறிக் கிளப்பும் தொடக்கம் பார்க்க அருமையாக இருக்கும். கார்ட் டிராக்கில் முதல் வளைவு பக்கத்திலேயே வந்துவிடும். 20 பேரும் அங்கே ஒன்றாகப் போய்ச் சேர்வார்கள். முதல் வருடம் வேண்டாம். ஒரு பைக் முன்னே மெதுவாக வழிநடத்தி, ஒரு சுற்று வரிசையாக வந்து, பச்சைக் கொடியில் தொடங்கட்டும்.

7. மருத்துவமும் மார்ஷல்களும்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. பைக் எண்ணிக்கை, நேரம், கட்டணம் எல்லாமே இங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டியவை.

ஆம்புலன்ஸ் இரண்டு வேண்டும். ஒன்று போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒன்று நோயாளியை ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை டிராக்கில் ஒரு பைக்கும் ஓடக் கூடாது. மோட்டார்சைக்கிள் ரேஸில் காறை எலும்பு முறிவு சகஜம். உயிருக்கு ஆபத்தில்லாவிட்டாலும் வண்டி போய்த்தான் ஆக வேண்டும். நான்கு மணி நேர ரேஸில் ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்பதைவிட இரண்டாவது வண்டிக்கான செலவு குறைவு. முதல் பயிற்சிச் சுற்று தொடங்கும் முன் வந்து, கடைசி பைக் டிராக்கை விட்ட பிறகே அவர்கள் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு முந்தைய வாரமே கடிதம் கொடுத்து, எலும்பு மருத்துவர் அன்று இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ஷல் ஒவ்வொரு நிலையத்திலும் இருவர். ஒருவர் வரும் பைக்குகளைப் பார்த்துக்கொண்டு மஞ்சள் கொடி அசைப்பார். மற்றவர் விழுந்தவரிடம் போவார். கொடிக்காரர் எந்தக் காரணத்துக்காகவும் வரும் பைக்குகளுக்கு முதுகு காட்டக் கூடாது. விழுந்தவரின் ஹெல்மெட்டை மார்ஷல் கழற்றக் கூடாது, அது மருத்துவக் குழுவின் வேலை. ஒரு நிலையத்திலிருந்து பார்த்தால் அடுத்த நிலையம் தெரிய வேண்டும். எட்டு நிலையம் என்றால் 16 பேர், ஓய்வு கொடுக்க இன்னும் ஆறு பேர். ஒவ்வொன்றிலும் கொடிகள், ரேடியோ, தீயணைப்பான், எண்ணெய் உறிஞ்சும் பொடி, துடைப்பம்.

கொடிகள் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சள்-சிவப்புப் பட்டை என்றால் எண்ணெயோ வழுக்கலோ. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் பைக்கில் கோளாறு, வெளியேறுங்கள். சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். அது ரேஸ் கன்ட்ரோல் (ரேஸை நடத்தும் அதிகாரி இருக்கும் அறை) உத்தரவில்லாமல் எழக் கூடாது.

ஆள் பஞ்சத்துக்கு ஒரு வழி: ஓர் அணிக்கு ஒரு மார்ஷலைக் கொண்டுவர வேண்டும் என்று விதி வைக்கலாம். ஆனால் அரை நாள் பயிற்சி கொடுத்து, அனுபவமுள்ள ஒருவரோடு ஜோடி சேர்த்த பிறகுதான். வெயிலில் நிற்பவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் அவர்கள் நிற்கும் இடத்துக்கே போக வேண்டும். பசித்த மார்ஷல் கொடியைப் பார்க்க மாட்டார், சாப்பாட்டு வண்டியைத்தான் பார்ப்பார்.

8. ஸ்க்ரூட்டினி

சோதிக்கும் பட்டியலைப் பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். அன்று காலை யாரும் அதிர்ச்சியடையக் கூடாது. கண்ணாடி, சைடு ஸ்டாண்ட், நம்பர் பிளேட் கழற்றியிருக்க வேண்டும். விளக்குக் கண்ணாடிகள் மேல் டேப். ஆயில் டிரெயின் போல்ட்டும் ஆயில் மூடியும் கம்பியால் கட்டியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஒரு போல்ட் கழன்றால் வளைவு முழுக்க எண்ணெய், பின்னால் வரும் ஐந்து பேர் வரிசையாகக் கீழே. ஆக்சிலேட்டரை விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். எஞ்சினை உடனே அணைக்கும் கில் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். லீவர் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டில் விரல் சிக்காமல் தடுப்பு வேண்டும்.

ஹெல்மெட்டில் ஈ.சி.ஈ. 22.05, 22.06 அல்லது ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரை, விரிசல் இல்லாத ஓடு. லெதர் சூட், முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலை மூடும் பூட். ஓர் அணியில் நால்வர் ஒரே சூட்டை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அளவு பொருந்தாத சூட்டில் முழங்கைக் காப்பு தோளுக்கு வந்திருக்கும். அதனால் நால்வரையும் தனித்தனியாக மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

9. பெட்ரோல்

ஒரு மணி நேரத்தில் ஒரு பைக் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓடும். முழு ஆக்சிலேட்டரில் சின்ன பைக் சாலையில் தருவதைவிடக் குறைவான மைலேஜ்தான் தரும், ஆகவே டேங்க் அளவைப் பொறுத்து இரண்டு மூன்று முறை நிரப்ப வேண்டிவரும். பிட் முன்னால் நிரப்ப விடாதீர்கள். ஒதுக்குப்புறமாகத் தனி இடம். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், ஓட்டுநர் இறங்கியிருக்க வேண்டும். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் பூட்டு ஊசியைக் கழற்றிய தீயணைப்பானோடு இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பவுடர் அல்லது ஃபோம் வகை மட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். அதனால் ஜெனரேட்டரும் அடுப்பும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

விபத்து அவசரத்தில்தான் வரும். அவசரத்தை விதியாலேயே ஒழிக்கலாம்: நிரப்பும் இடத்தில் குறைந்தது மூன்று நிமிடம் நின்றே ஆக வேண்டும் என்று வையுங்கள். சீக்கிரம் ஊற்றி யாருக்கும் லாபமில்லை என்றால் எல்லோரும் நிதானமாக ஊற்றுவார்கள்.

10. லேப் எண்ணுவது

ஒரு லேப் ஒரு நிமிடம், நான்கு மணி நேரம், 20 பைக்: மொத்தம் 4,800 கடப்புகள். கையால் எண்ண முடியாது. டிரான்ஸ்பாண்டர் வாடகைக்கு எடுங்கள், தரையில் பதிக்கும் லூப் கம்பியோடு. பிட் பாதைக்குள் போகும் பைக்கும் கோட்டைக் கடந்ததாகப் பதிவாகுமா என்று முந்தைய நாளே ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேர் எண்களைத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டும் இருக்கட்டும். விழுந்த அடியில் டிரான்ஸ்பாண்டர் தெறித்துப் போனால் அந்தத் தாள்தான் சாட்சி. யார் எப்போது ஓட்டினார் என்ற பதிவு பிட் வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும், அங்கே கைப்பட்டை இல்லாதவரை வெளியே விடக் கூடாது.

11. ரேஸ் நாள்

6.00 வாசல் திறப்பு, பதிவு. 6.30 முதல் 8.30 வரை ஸ்க்ரூட்டினி. 8.45க்கு பிரீஃபிங், அதாவது ஓட்டுநர்களுக்கு விதிகளை விளக்கும் கூட்டம். 9.15 முதல் 10.15 வரை பயிற்சி. 11.00 தொடக்கம். பிற்பகல் 3.00 முடிவு. ஆட்சேபணைக்கு அரை மணி நேரம், அப்புறம் பரிசு. பயிற்சிக்கும் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள 45 நிமிடத்தைக் குறைக்காதீர்கள். பயிற்சியில் விழுந்த பைக்குகளை மறுபடி சோதிக்கவும், காலையிலிருந்து பிந்திய எல்லாவற்றையும் சரிக்கட்டவும் அதுதான் இருக்கிறது.

பிரீஃபிங்கில் ஒவ்வொரு ஓட்டுநரும் கையெழுத்திட்டால்தான் கைப்பட்டை. அணித்தலைவர் வந்தார், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார் என்பது செல்லாது. இடி மின்னல் என்றால் உடனே நிறுத்துங்கள். மார்ஷல்கள் திறந்த வெளியில் நிற்கிறார்கள். நீங்கள் அன்று ஓட்டக் கூடாது. ரேஸ் கன்ட்ரோலிலும் உட்காரக் கூடாது, அதற்கு உரிமம் பெற்ற அதிகாரி இருக்கிறார். உங்கள் வேலை ரேடியோவும் சாவிக்கொத்துமாக அலைவது.

12. முடிந்த பிறகு

விபத்து அறிக்கைகளை அன்றே எழுதி வாங்குங்கள்; இன்சூரன்ஸ் தரப்பும் கூட்டமைப்பும் கெடு வைத்திருப்பார்கள். முதல் மூன்று பைக்குகளைப் பரிசுக்கு முன் பூட்டி வைத்துச் சோதியுங்கள். வாடகை டிரான்ஸ்பாண்டர்களை எண்ணி வாங்கிய பிறகே அணிகளின் வைப்புத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். டிராக்கைக் காலையில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, மேலாளரோடு சேர்ந்து நடந்து, சேதம் இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். பழைய எண்ணெயை அங்கேயே ஊற்றிவிட்டுப் போன அணியின் எண்ணைக் குறித்துக்கொண்டால் அடுத்த முறை பதிவின்போது பேசிக்கொள்ளலாம்.